என்ஜினீயர் சங்கத்தால் ஊருக்கு என்ன பிரயோஜனம்?

நூல்கண்டு, திருப்பூர் | செப்டம்பர் 15, இரவு 8.50

இன்று பொறியாளர் தினம். எங்கள் ரோட்டில் மூன்று பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். மேலே விஸ்வேஸ்வரய்யா, கீழே சங்க நிர்வாகிகள் பதினான்கு பேர். டாக்டர்கள் சங்கம் கண் முகாம் போடுகிறது, ரத்ததான முகாம் போடுகிறது. கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்கு ஒரு அறை இருக்கிறது. என்ஜினீயர் சங்கம் நான் பார்த்தவரை வருஷத்துக்கு ஒரு டைரி, ஒரு காலண்டர், ஒரு குடும்ப விழா. மெம்பருக்கு லாபம் இருக்கும், சரி. ஊருக்கு என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்க்கால்கரை, ஈரோடு | செப்டம்பர் 15, இரவு 10.20

31 வருஷமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். 19 வருஷமாக ஒரு பொறியாளர் சங்கத்தில் உறுப்பினர், நடுவில் இரண்டு வருஷம் செயலாளர். டைரி, காலண்டர் இரண்டையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் கேட்டதுதான்.

எங்களுக்குப் பீஸ் கொடுக்காத ஆளுக்காக நிற்பதுதான் சங்கத்தின் வேலை. மற்றதெல்லாம் அப்புறம். நம் நாட்டில் பொறியாளர்களுக்கான பழைய அமைப்பு இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம். 1920-ல் கொல்கத்தாவில் தொடங்கி, 1935-ல் அரச சாசனம் வாங்கியது. நூறு வருஷம் தாண்டியும் ஊரார் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால் குறை எங்கள் பக்கம்தான். காலையில் விளக்கமாக எழுதுகிறேன்.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 16, காலை 6.15

ஒரு வீடு கட்டும்போது பேசிக்கொள்வது மூன்று பேர். வீட்டுக்காரர், பொறியாளர், மேஸ்திரி. செலவு, வாஸ்து, எத்தனை நாளில் முடியும் எல்லாமே இந்த மூன்று பேருக்குள் பேசி முடிந்துவிடும். நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அந்த மதில் சுவருக்கு அந்தப்புறம் குடியிருப்பவர் அவர். பத்து வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு வாடகைக்கு வரப்போகிறவரும் அவர்தான்.

2019 டிசம்பர் 2, விடிவதற்குள். மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் கீழே இருந்த வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். சுமார் 20 அடி உயரச் சுவர். அந்த 17 பேரில் ஒருவர்கூட எந்தப் பொறியாளருக்கும் பீஸ் கொடுத்தவர் இல்லை.

அந்தச் சுவரை எப்படிக் கட்டினார்கள் என்ற விஷயத்துக்குள் நான் போகவில்லை. மண்ணைத் தாங்கி நிற்கிற எந்தச் சுவருக்கும் பொருந்துகிற கணக்கை மட்டும் சொல்கிறேன். 10 அடி உயரத்துக்கு மண்ணைத் தாங்கும் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண் அதில் ஒரு மீட்டர் நீளத்தைத் தள்ளுகிற பலம் சுமார் 2.7 டன். மழை பெய்து மண் ஊறி, தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பின்னால் நின்றுவிட்டால் அதே சுவரை 6 டன் தள்ளும். மண் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் காட்டும். தண்ணீர் முழு எடையையும் காட்டும். உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தமும் இரண்டு மடங்கு.

இதற்காகத்தான் சுவரில் வரிசையாக ஓட்டை விடுகிறோம். சின்ன பிவிசி குழாய்த் துண்டு, பின்னால் கொஞ்சம் ஜல்லி. சுவர் கட்டும் செலவோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று ஊருக்கு ஊர் பொறியாளர் சங்கம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போய், குடியிருப்புக்கு மேலே நிற்கிற உயரச் சுவர்களைப் பார்த்து, பட்டியல் எடுத்து நகராட்சிக்குக் கொடுத்திருக்கலாம். நடூருக்கு முன்னால் எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் அந்த எண்ணம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆறு வருஷமாக இது என் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 16, இரவு 9.05

இரண்டு திருத்தம்.

இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் 1920-ல் பதிவானது சென்னையில். தலைமையகம்தான் கொல்கத்தா. சுட்டிக்காட்டிய ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு நன்றி.

இன்னொன்று சுவர்க் கணக்கு. "அழுத்தமும் இரண்டு மடங்கு" என்று எழுதியது சுவரின் அடியில் விழுகிற அழுத்தத்துக்கு மட்டும் சரி. மொத்தமாகத் தள்ளும் பலம் நான்கு மடங்கு ஆகிறது. 10 அடிக்கு 2.7 டன் என்றால் 20 அடிக்கு 11 டன். தண்ணீர் நின்றால் 24 டன். பலமும் கூடி, அது தள்ளுகிற உயரமும் கூடுவதால் சுவரைக் குப்புறக் கவிழ்க்கிற திருப்புவிசை எட்டு மடங்கு. "பத்தடிச் சுவருதானுங்க, மேல இன்னொரு பத்தடி ஏத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்த எட்டு ஞாபகத்துக்கு வர வேண்டும்.

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார்: தப்புச் செய்கிற என்ஜினீயரை வக்கீல் கவுன்சில் மாதிரி நீங்களே நிறுத்த முடியாதா? முடியாது. வக்கீல்களுக்கு 1961-ல் சட்டம் வந்தது, கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ல் வந்தது. பொறியாளர்களுக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பொறியாளரும் கட்டமைப்புப் பொறியாளரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சங்கம் ஒருவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்கலாம். மறுநாள் அவர் அதே ஸ்கேலும் சீலுமாகத் தொழில் பார்ப்பார்.

வியாபாரச் சங்கத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோவையில் 1969 முதல் கொடிசியா இருக்கிறது, சிறுதொழில் செய்பவர்களுக்காக. பஞ்சாலைகளின் ஆராய்ச்சிக்கு 1956 முதல் சிட்ரா இருக்கிறது. இரண்டாலும் இந்த ஊர் பிழைத்திருக்கிறது. ஆனால் தொழில் முனைவோர் சங்கம் தன் உறுப்பினருக்காகப் பேசினால் போதும். பொறியாளர் சங்கம் சமயத்தில் தன் உறுப்பினருக்கு எதிராகவும் பேச வேண்டும். அங்கேதான் சிரமம்.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 18, இரவு 11.30

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

1997. எனக்கு 24 வயசு, ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலை. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி, தரைத்தளமும் முதல் மாடியும் இருந்த கட்டடம். மேலே இன்னொரு தளம் ஏற்றி, தையல் மெஷின் இறக்க வேண்டும். பழைய வரைபடம் கிடையாது. அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், அடியில் என்ன மண், அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு தூணை ஒட்டித் தோண்டிப் பார்த்துவிடலாம் என்றேன்.

முதலாளி நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. "தம்பி, தோண்டுனா மொசைக்கு போயிருமுங்க. ஆர்டர் நிக்குது. நீங்க கையெழுத்தப் போடுங்க, நா பாத்துக்கறேன்" என்றார். என் ஒப்பந்ததாரர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். நீல மை ரெனால்ட்ஸ். அந்த மூடி மேஜையில் உருண்டு போனதுகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் நாலு வருஷம் நான் நிம்மதியாக இல்லை. பெரிய மழை பெய்தால் முதலில் அந்தக் கட்டடம்தான் ஞாபகத்துக்கு வரும். திருப்பூர் போனால் வேலை இல்லாவிட்டாலும் அந்த வீதி வழியாகப் போய், முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். கடைசியில் 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூகம்பம் வந்து, புஜ் பக்கத்துக் கட்டடங்களை டிவியில் பார்த்த பிறகு, அடுத்த வாரமே அந்த முதலாளியிடம் போய் என் செலவில் தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். கொடுத்தார். ஐந்தரை அடியில் நல்ல சுக்கான் பாறை. தூணின் பாதம் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. மாடியில் அறுபது எழுபது பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள், மெஷின் சத்தம் கீழே வரை கேட்டது. குழிக்குள் நின்றபடியே அழுதுவிட்டேன். அத்தனை பேரையும் தாங்கியது அந்தச் சுக்கான் பாறை. என் கையெழுத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அன்று எனக்கு விதிமுறை தெரியாமல் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. எஸ்டிடி பூத்துக்குப் போய், "அண்ணா, இப்படி நெருக்கறாங்க, என்ன பண்ணட்டும்?" என்று கேட்க ஒரு மூத்தவர் இருந்திருந்தால், "தோண்டாமப் போடாதே, நாளைக்கு நானே வர்றேன்" என்று அவர் சொல்லியிருந்தால், அந்தப் பேனாவை நான் தொட்டிருக்க மாட்டேன்.

செயலாளராக இருந்தபோது முதலில் செய்தது இதைத்தான். மூன்று மூத்த பொறியாளர்களின் செல்போன் எண், எந்த இளம் பொறியாளரும் எந்த நேரமும் கூப்பிடலாம். அவர் மறுப்பது நியாயம் என்றால் சங்கத்தின் லெட்டர்பேடில் இரண்டு வரி: "இந்தப் பரிசோதனை முடியாமல் சான்று தர இயலாது என்று எங்கள் உறுப்பினர் சொல்வது சரி." பத்துப் பதினைந்து கடிதம் போயிருக்கும். தனி ஆள் சொன்னால் "பையனுக்கு அனுபவம் பத்தாது" என்கிற வீட்டுக்காரர், லெட்டர்பேடைப் பார்த்ததும் "சரி, தோண்டிக்கங்க" என்றார். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

ஒரு இடத்தில் நடக்கவில்லை. எங்கள் பெண் பொறியாளர் ஒருவர் மறுத்த வேலைக்கு மறுநாளே வேறொருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் எங்கள் உறுப்பினர் இல்லை. உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த வேலையோடு அடுத்த இரண்டு வேலையும் போனது. நாங்கள் சேர்ந்து எங்கள் வேலையில் ஒன்றிரண்டை அவருக்கு மாற்றிக் கொடுத்தோம். அதையும் சங்கத்தின் சேவைக் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 19, காலை 7.00

மேலே எழுதியதோடு சேர்த்து ஒன்று. கனடாவில் கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டும்போதே விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரும்புத் தகடுகள் வளைவதைக் களத்தில் பார்த்துவிட்டார்கள். ஆள் போய் நியூயார்க்கில் இருந்த ஆலோசகப் பொறியாளரிடம் சொல்லி, அவர் "இனிப் பாரம் ஏற்ற வேண்டாம்" என்று பாலம் கட்டிய கம்பெனிக்குத் தந்தி கொடுத்தார். அந்தச் செய்தி பாலத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாலம் ஆற்றில். அந்த நாட்டில் 1925 முதல் புதுப் பொறியாளர்கள் ஒரு உறுதிமொழி எடுத்து, சுண்டு விரலில் இரும்பு மோதிரம் போட்டுக்கொள்கிறார்கள். எழுதுகிற கையில். வரைபடத்தில் கை வைக்கும்போதெல்லாம் மோதிரம் காகிதத்தில் உரசும்.

நம் ஊரில் மோதிரம் என்றால் எத்தனை பவுன் என்று கேட்பார்கள். இரும்பு மோதிரம் போட்டால் சனிப் பெயர்ச்சியா என்பார்கள். பரவாயில்லை, போடலாம்.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 21, மதியம் 3.40

நூல்கண்டு கேட்ட கண் முகாமுக்கு எங்களிடம் பதில் உண்டு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு முதல் ஏழு வரை, சங்க அறையில் இரண்டு பேர் உட்காருகிறோம். வீட்டில் விரிசல், ஒழுகல், பக்கத்து வீட்டுக்காரர் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டுவது, எதுவானாலும் வந்து கேட்கலாம். காசு கிடையாது. நேற்றும் உட்கார்ந்தோம், ஒன்பது பேர் வந்தார்கள்.

அதில் ஒரு ஆத்தா, அறச்சலூர்ப் பக்கம். எழுபதுக்கு மேல் இருக்கும். மஞ்சப்பையிலிருந்து ஒரு கான்கிரீட் சில்லை எடுத்து மேஜை மேல் வைத்தார். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு. மறுபக்கம் கம்பி படுத்திருந்த தடம், துருவேறிச் செங்காவியாக. "ஏஞ்சாமி, இதுக்கு அடியில படுத்துத் தூங்கலாமுங்களா?" என்றார். தொகுப்பு வீடு. பேரன் அந்த அறையில்தான் படிக்கிறான், படுக்கிறான்.

கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய கான்கிரீட் கனம் அந்தச் சில்லில் அரை அங்குலம்கூட இல்லை. ஈரம் சுலபமாகக் கம்பிக்குப் போய்விடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் அடியில் இருப்பதை உடைத்துத் தள்ளும். ஆத்தாவிடம் இப்படிச் சொன்னேன்: "அரிசி மூட்டைல தண்ணி பட்டா ஊதிக்கிட்டுத் தையல் விடுமில்லீங்களா, அதே கதைதான்." தலையாட்டினார். "அப்ப மூட்டைய மாத்தோணும்" என்றார். என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இன்று காலை இரண்டு பேர் போய் வந்தோம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் "டங்" என்கும், உள்ளே விட்டுப்போன இடம் "டொக்" என்கும். சாக்பீஸில் வட்டம் போட்டோம். அறையில் பாதிக்கு மேல் வட்டம். பேரனின் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றி, இரண்டு இடத்தில் சவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். பழைய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கும் அரசுத் திட்டத்துக்கு ஆத்தா போட்ட மனுவோடு எங்கள் குறிப்பும் போகிறது. குறிப்பு தமிழில்தான். "தளத்தின் அடிப்பகுதி பாதிக்கு மேல் விட்டுவிட்டது, இந்த அறையில் ஆள் படுக்கக் கூடாது." இதைப் படிக்க இன்னொரு பொறியாளர் தேவைப்படக் கூடாது.

சனிக்கிழமை வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்தனுப்புவது ஒரு கண்ணாடிச் சில். விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பென்சிலில் தேதி எழுதிவிட வேண்டும். விரிசல் பழையது, ஓய்ந்தது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். நகர்கிறது என்றால் உடையும். தாத்தா காலத்து வித்தை. பல விரிசல் வெறும் பூச்சு விரிசல்தான், பயந்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 24, இரவு 10.10

"வீடு, சுவர் சரி. பெரிய விஷயத்தில் சங்கம் வாயைத் திறந்திருக்கிறதா? கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுகிற சண்டையில் எங்கே போனீர்கள்?" என்று கோபியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். என் பேரே வாய்க்கால்கரை, தப்பிக்க முடியாது.

தெரியாதவர்களுக்கு: பவானிசாகர் அணையும் கீழ்பவானிப் பாசன வாய்க்காலும் 1955-ல் கட்டி முடிக்கப்பட்டன. வாய்க்கால் 200 கிலோமீட்டர், மண் வாய்க்காலாக வெட்டியது, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். 709 கோடியில் சீரமைப்பு, அதில் கான்கிரீட் வேலையும் உண்டு என்றதும் விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர்கள், தண்ணீர் வந்து சேரவில்லை, போடுங்கள் என்றார்கள். வாய்க்கால் ஓரத்துக்காரர்கள், கசிவு நின்றால் கிணறு வற்றும், போடாதீர்கள் என்றார்கள். உண்ணாவிரதம், மறியல், 2023-ல் உயர் நீதிமன்றம் என்று போனது.

கல்லூரியில் கசிவு என்றால் நஷ்டம் என்று படித்தவன் நான். முதலில் எனக்குச் சந்தேகமே இல்லை, போட வேண்டியதுதான் என்றேன். மாமன் தோட்டம் வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம், 300 மீட்டர் இருக்கும். அவர் எதுவும் விவாதிக்கவில்லை, கிணற்றுக்குக் கூட்டிப் போனார். "ஆகஸ்ட்டுல தண்ணி உடறாங்க மாப்ள. இருவது நாள்ல எட்டுப் படி முங்கும். வாய்க்கா நின்னு மாசி பங்குனி வரைக்கும் இதுல தென்னை நிக்கும். நஷ்டம்னா இது யாரு நஷ்டம்?" படிகளில் தண்ணீர் ஏறி இறங்கிய வரை வரையாக இருந்தது.

சங்கப் பொதுக்குழுவில் பேசினேன். வாய்க்காலின் இரண்டு பக்கமும் ஐம்பது கிணறு எடுத்துக்கொள்வோம், தண்ணீர் திறக்கும் முன்னும் பின்னும் ஒரு வருஷம் அளப்போம், கடைமடையில் எத்தனை கன அடி வருகிறது என்று அளப்போம், பத்துப் பக்கம் தமிழில் போட்டு இரண்டு தரப்புக்கும் கொடுப்போம் என்றேன். தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அளவு மட்டும். "இது அரசியலுங்க, நமக்கு வேண்டாம்" என்று முடிந்தது. உறுப்பினர்களில் சிலர் அரசு ஒப்பந்த வேலை எடுப்பவர்கள். அவர்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஈரோடு மாவட்டமே இரண்டாகப் பிரிந்து நின்றபோது, கையில் அளவுகோல் வைத்திருந்த நாங்கள் சும்மா இருந்தோம். கோபிக்காரர் கோபம் நியாயம்.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 25, காலை 6.40

இரவு எழுதியதற்கு ஒரு கடைமடை விவசாயியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. "உங்கள் மாமன் கிணற்றில் எட்டுப் படி ஏறுவது எங்கள் மடைக்கு வரவேண்டிய தண்ணீர்." அவ்வளவுதான், ஒரே வரி.

நாலாவது ஆள், நாலாவது ஆள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே நாலாவது ஆளே இரண்டு பேராக நிற்கிறார்கள். மாமன் கிணற்றைப் பார்த்த நான் கடைமடைக்குப் போய்ப் பார்க்கவில்லை. அந்த ஐம்பது கிணற்றையும் யார் தேர்வு செய்வது என்பதை நேற்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். வாய்க்காலில் தோட்டம் உள்ளவர், வேலை எடுப்பவர், இரண்டு பேரும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் நானும் இருக்கக் கூடாது.

காலிங்கராயன் கதை இதற்குத்தான் சொல்லப்பட்டதோ என்று தோன்றுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி, 56 மைல் வளைந்து வளைந்து கொண்டுபோன வாய்க்கால், இன்றைக்கும் பாய்கிறது. தன் சொந்தத்துக்காக வெட்டினான் என்று ஊர் சொல்லக் கூடாதென்று, தானும் தன் வம்சமும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சபதம் செய்து பொள்ளாச்சி அருகே உள்ள ஊத்துக்குளிப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டான் என்பார்கள். சின்ன வயசில் அப்புச்சி சொல்லும்போது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா, பாவம் என்று நினைப்பேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 25, இரவு 9.50

ஒரத்துப்பாளையம் அணையையும் ஒருவர் இழுத்திருக்கிறார். பாசனத்துக்கென்று 1992-ல் நொய்யலில் கட்டிய அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு கழிவைத் துளிகூட வெளியே விடாமல் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் நிலையங்கள் ஓட ஆரம்பித்தன. அதை ஓட வைத்ததிலும் இந்த ஊர்ப் பொறியாளர்களுக்குப் பங்கு உண்டு, பெருமைதான். ஆனால் அணைக்கட்டும் பொறியாளர் வேலை, சாயப்பட்டறையும் பொறியாளர் வேலை. இரண்டு பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க அன்று ஒரு பொது இடம் இருந்திருந்தால், கோர்ட் சொல்லும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

வாய்க்கால்கரை | செப்டம்பர் 28, காலை 8.15

"கோயமுத்தூருக்கெல்லாம் பூகம்பம் வராது" என்று எழுதியவருக்கு: 1900 பிப்ரவரி 8 அன்று வந்தது, சுமார் 6 ரிக்டர். 2002-ல் வந்த இந்தியத் தரநிலையின் பூகம்ப வரைபடம் கோவையை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. கீழே கார் நிறுத்தத் தூண் மட்டும் விட்டு, மேலே நாலு மாடி சுவர் எழுப்புகிறவர்கள் அந்தத் தூண்களைத் தனியாகக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை வரைபடத்தோடு வாருங்கள், பார்க்கிறோம்.

நூல்கண்டு | அக்டோபர் 4, மாலை 5.20

நான்தான் இந்த இழையைத் தொடங்கியவன். 16-ஆம் தேதி எழுதியதைப் படித்ததிலிருந்து எங்கள் கம்பெனிப் பின்சுவர் மேலேயே கண் போகிறது. எங்கள் பக்கம் மண் ரொப்பி, அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்தில் நாலு வீடு. சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரைக் கூப்பிடட்டும்?

வாய்க்கால்கரை | அக்டோபர் 5, இரவு 8.30

திருப்பூர்ச் சங்கத்து நண்பர் ஒருவரோடு இன்று போய்ப் பார்த்தேன். நூல்கண்டு டீயும் வடையும் வாங்கி வைத்திருந்தார், நல்ல வடை.

சுவர் பதினோரு அடி, கருங்கல். வீடுகள் பக்கம் இறங்கி நின்று பார்த்தால் ஓட்டை இல்லைதான். சாய்ந்த வெயிலில் பார்த்தபோது ஒரே உயரத்தில் வரிசையாக வட்ட வட்டமாகப் பூச்சின் நிறம் வேறாகத் தெரிந்தது. பைக் சாவியால் சுரண்டினேன், உள்ளே குழாயின் விளிம்பு. எப்போதோ பெயின்ட் அடித்தவர்கள், பல்லி, பாம்பு வருகிறதென்று அத்தனை ஓட்டையையும் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக உளியால் திறந்தோம். மொத்தம் பதினேழு. நாலாவதைத் திறக்கும்போது முதலில் ஒரு கொத்துச் சேறு, அப்புறம் செம்மண் தண்ணீர் பீய்ச்சி வந்து நண்பரின் சட்டையை நனைத்தது. ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

கீழ்வீட்டு அம்மிணி ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன தண்ணியா உள்ள இருந்துச்சுங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

விரிசல் மேலிருந்து கீழாக, சுவரின் நடுவில், ஐந்தடி நீளம். உட்பக்கம் உயர்த்திய மண்ணில் இரண்டடி இறக்கிவிடச் சொல்லியிருக்கிறோம், ஜேசிபி செவ்வாய்க்கிழமை வருகிறது. அதுவரை அந்த நாலு வீட்டுக்காரர்களும் சுவரை ஒட்டிய அறையில் படுக்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். நூல்கண்டே கூட வந்தார். விரிசலில் மூன்று இடத்தில் கண்ணாடி ஒட்டி, தேதி போட்டாயிற்று.

வாய்க்கால்கரை | அக்டோபர் 6, காலை 6.50

படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். மழைக்கு முன் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஈரோட்டில் எங்கள் சங்கத்தில் ஆறு பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். குடியிருப்புக்கு மேலே உயரச் சுவர் நிற்கிற இடம் தெரிந்தவர்கள் வீதியின் பெயர் மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். யார் சுவர் என்று வேண்டாம்.

நூல்கண்டு | அக்டோபர் 26, இரவு 9.15

நாலு நாளாக இங்கே நல்ல மழை. எல்லா ஓட்டையிலும் தண்ணீர் வருகிறது. அந்த அம்மிணி தினமும் காலையில் எட்டிப் பார்த்து எனக்குப் போன் பண்ணிவிடுகிறார். கண்ணாடி மூன்றும் உடையவில்லை.